கண்ணுக்குத் தெரியும், ரேடாருக்குத் தெரியாது

கொல்கத்தாவுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் வீட்டில் நான்தான் கைடு. விக்டோரியா மெமோரியல், காளிகாட், தட்சிணேஸ்வர், கடைசியாக பொட்டானிக்கல் கார்டன் ஆலமரம். போன மாதம் மச்சான் குடும்பம் வந்திருந்தபோதும் இதே வரிசைதான். ஆலமரத்தைச் சுற்றி முடித்து, ஹூக்ளிக் கரையோரம் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தோம். எதிர்க்கரைதான் கார்டன் ரீச். அங்கே கப்பல் கட்டும் தளத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு போர்க்கப்பல் நின்றுகொண்டிருந்தது.

"இங்க கட்டற கப்பல் எல்லாம் ஸ்டெல்த்டா. ரேடார்ல தெரியாது" என்று என் மகன், மச்சானின் எட்டு வயதுப் பையனுக்கு விளக்கினான்.

அவன் கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்லாத் தெரியுதே!" என்றான்.

எல்லோரும் சிரித்தோம். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. காரணம் இருக்கிறது. எங்கள் பையன் பன்னிரண்டாவது படிக்கிறான். அப்பாவைப் போல ஃபைபர் கிளாஸ் தொட்டி செய்ய மாட்டானாம், கடற்படையில்தான் சேருவானாம். எழுத்துத் தேர்வு தேறிவிட்டான், நேர்முகத்துக்குக் கடிதமும் வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கேள்வி வந்தது.

"என்னங்க, ரேடார்லயே தெரியாதுன்னா, அதுக்குள்ள இருக்கறவங்களுக்கு ஆபத்து இல்லதானே?"

"ஆமா, தூங்கு" என்று சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடி இழையோடும் ரெசினோடும் பிழைப்பு நடத்துகிறவன், நான்கைந்து வருஷமாகக் கப்பல் புத்தகங்கள் வேறு படிக்கிறவன், அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அந்த நாளைக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "தெரியாது" என்பதை ஒதுக்கிவிடலாம். ரேடாரில் அறவே தெரியாத கப்பல் என்று ஒன்று கிடையாது. ரேடார் அலை போய்க் கப்பலில் பட்டுத் திரும்பி வருகிறது. எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் விஷயம். ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று தகடுகள் சேரும் மூலை இருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து அலை வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். பழைய போர்க்கப்பலின் மேல்தளத்தைப் பாருங்கள். சுவர், தரை, ஏணி, கம்பி, பெட்டி என்று மூலைகள்தான். மாறாக, தெரியவேண்டும் என்று நினைக்கிற சின்னப் பாய்மரப் படகுக்காரர்கள் இதே மூலையை உலோகத்தில் செய்து கம்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள், பெரிய கப்பல் இடித்துவிடாமல் இருக்க.

மூலைகளை ஒழித்து, சுவர்களைச் சாய்த்துவிட்டால் அலை வானத்துக்கோ கடலுக்கோ தெறித்துப் போகும். ஆனால் கணக்கு கஞ்சத்தனமானது. எதிரொலியைப் பாதியாகக் குறைத்தால், நூறு கிலோமீட்டரில் தெரிந்த கப்பல் எண்பத்து நான்கில் தெரியும். அவ்வளவுதான். எதிரி பார்க்கும் தூரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றால் எதிரொலியைப் பதினாறில் ஒரு பங்காக்க வேண்டும். இத்தனை பாடுபட்டுக் கிடைப்பது என்ன? கொஞ்சம் நேரம். ஒலியின் வேகத்தை ஒட்டிப் பறக்கும் ஏவுகணை பத்து கிலோமீட்டரை அரை நிமிடத்தில் தாண்டிவிடும். அந்த அரை நிமிடம்தான் கிடைக்கிறது.

சின்னக் கப்பல்களுக்கு இந்த அரை நிமிடம் ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்றால், 1967 அக்டோபர் 21க்குப் போகவேண்டும். அன்று எகிப்தின் போர்ட் சையது துறைமுகத்துக்குள் இருந்த சோவியத் தயாரிப்பு கோமார் படகுகள் ஸ்டிக்ஸ் ஏவுகணைகளை வீசி, இஸ்ரேலின் 'ஐலத்' என்ற நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. 47 பேர் இறந்தார்கள். துக்கடாப் படகு பெரிய கப்பலை ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம் என்று உலகக் கடற்படைகள் எல்லாம் அன்றுதான் உறைக்கப் புரிந்துகொண்டன. அதிலிருந்து இரண்டு கேள்விகள். நாமும் அப்படிப் படகு வாங்கலாமா? அப்படிப் படகு நம்மிடம் வந்தால் எப்படித் தப்பிப்பது?

முதல் கேள்விக்கு இந்தியா சொன்ன பதில்தான் நமக்கெல்லாம் டிசம்பர் 4 கடற்படை தினமாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் கதை தொடங்குவது எங்கள் கொல்கத்தாவில் என்பது பலருக்குத் தெரியாது. சோவியத் யூனியனிடம் வாங்கிய எட்டு ஓசா வகை ஏவுகணைப் படகுகள் 1971 தொடக்கத்தில் சரக்குக் கப்பல்களின் மேல்தளத்தில் ஏறி வந்தன. ஒவ்வொன்றும் சுமார் இருநூறு டன். அவ்வளவு எடையைத் தூக்கி இறக்கும் கிரேன் அப்போது பம்பாயில் இல்லை, கல்கத்தாவில் இருந்தது. இங்கே இறக்கி, தீபகற்பத்தையே சுற்றி, பம்பாய் வரைக்கும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கரையோரக் காவலுக்கு என்று செய்த படகு, அதிக தூரம் போகாது. ஆனால் இப்படி இழுத்துக்கொண்டு போக முடியும் என்றால் கராச்சி வரைக்கும் ஏன் போகக்கூடாது என்ற எண்ணத்துக்கு அந்தப் பயணமும் ஒரு காரணம்.

1971 டிசம்பர் 4. நிர்கட், நிபட், வீர் என்று மூன்று படகுகள். துணைக்கு கில்தான், கட்சால் என்ற இரண்டு கப்பல்கள். இதில் கில்தானைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அதன் கேப்டன் கமாண்டர் கோபால் ராவ். அன்றைய வேலைக்காக மகாவீர் சக்ரா பெற்றவர், 2021 ஆகஸ்டில் சென்னையில் காலமானார்.

இந்த ஐந்தில் எதற்கும் ஸ்டெல்த் கிடையாது. சாய்ந்த சுவர் இல்லை, விசேஷப் பூச்சு இல்லை, எல்லாம் இரும்பும் மூலையும்தான். ஆனாலும் ஒளிந்துகொண்டார்கள். எப்படி? பகலில் கராச்சியிலிருந்து சுமார் 250 கடல்மைல் தள்ளி, பாகிஸ்தான் விமானங்களின் எல்லைக்கு வெளியே காத்திருந்தார்கள். பாகிஸ்தான் விமானப்படைக்கு ராத்திரியில் கடல்மேல் வந்து தாக்கும் வசதி இல்லை என்று தெரிந்து, இருட்டின பிறகு பாய்ந்தார்கள். வயர்லெஸ்ஸில் வாயை மூடிக்கொண்டார்கள். பேசியே ஆகவேண்டிய இடத்தில் ரஷ்ய மொழியில் பேசினார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். படகோட்டும் பயிற்சியே சோவியத் யூனியனில்தானே! (தமிழில் பேசியிருந்தால் இன்னும் பாதுகாப்பு என்று என் மச்சான் அபிப்பிராயம். :-))

அடுத்து நடந்தது எனக்கு எப்போது படித்தாலும் மனதைப் பிசையும். 'கைபர்' என்ற பாகிஸ்தான் நாசகாரிக் கப்பல்மீது நிர்கட்டின் முதல் ஏவுகணை விழுந்தது. கைபர் கரைக்கு அனுப்பிய செய்தி என்ன தெரியுமா? எதிரி விமானம் தாக்கிவிட்டது, பாய்லர் போய்விட்டது என்று. வானத்தில் பாய்ந்து வந்த வெளிச்சத்தை விமானம் என்று நினைத்தார்கள். படகு என்ற நினைப்பே அவர்கள் மூளையில் இல்லை. இரண்டாவது ஏவுகணையில் கப்பல் மூழ்கியது. இருநூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள். அவர்கள் வீட்டிலும் ஒரு அம்மா யாரிடமாவது ராத்திரியில் கேள்வி கேட்டிருப்பாள்.

ஆக, ஒளிவது என்பது முதலில் மனிதர்களின் வேலையாக இருந்தது. இருட்டு, மௌனம், எதிரி எதை எதிர்பார்க்கவில்லை என்ற கணிப்பு.

ஐலத்தைப் பறிகொடுத்த இஸ்ரேல் இரண்டாவது கேள்வியோடு மல்லுக்கட்டியது. 1973 அக்டோபரில் சிரியாவின் லதாகியாவுக்கு வெளியே நடந்த சண்டையில் அவர்களுடைய சின்ன ஏவுகணைப் படகுகள் மெல்லிய உலோகத் துணுக்குகளைக் காற்றில் வீசி, மின்னணுக் குழப்படி செய்து, வந்த ஸ்டிக்ஸ்களை எல்லாம் திசைதிருப்பிவிட்டன. ஒரு படகும் போகவில்லை. சிரியாவின் ஐந்து கப்பல்கள் போயின. இங்கேதான் ஒரு சூட்சுமம். ஏவுகணையின் மூக்கில் இருக்கும் குட்டி ரேடாருக்கு முன்னால் இரண்டு எதிரொலிகள்: ஒன்று துணுக்கு மேகம், ஒன்று கப்பல். எது பளிச்சென்று இருக்கிறதோ அதன் பின்னால்தான் போகும். கப்பலின் எதிரொலி சின்னதாக இருந்தால் கொஞ்சம் துணுக்கே போதும். ஸ்டெல்த் வடிவத்தின் பெரிய லாபம் மறைவதில் இல்லை, இப்படி ஏமாற்றுவது சுலபமாவதில்தான் என்பது என் கட்சி.

அமெரிக்காவில் இது வேறு வழியாக வந்தது. சோவியத் விஞ்ஞானி ப்யோத்தர் உஃபிம்ட்சேவ் 1962இல் விளிம்புகளில் அலைகள் எப்படிச் சிதறும் என்று கணக்குப் போட்டு ஒரு புத்தகம் எழுதினார். அவர் நாட்டில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. லாக்ஹீட் கம்பெனியின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதன் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்டெல்த் விமானம். அங்கே தலைவராக இருந்த பென் ரிச் தன் புத்தகத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். 1978இல் கம்பெனி போட்டோக்காரர் போலராய்டு கேமராவில் ஸ்டெல்த் மாதிரியைப் படமெடுத்தால் படம் மங்கலாகவே வருகிறதாம். அந்தக் கேமரா ஒலி அலையை அனுப்பி, எதிரொலியை வைத்துத் தூரம் கணிக்கும் வகை. எதிரொலியே திரும்பவில்லை! கேமரா பழுது என்று போட்டோக்காரர் புலம்ப, ரிச்சுக்கு வேறு பொறி தட்டியது: ரேடாரை ஏமாற்றும் வடிவம் சோனாரையும் ஏமாற்றும் போலிருக்கிறதே?

நீர்மூழ்கியில் தொடங்கிய அந்த யோசனை கடைசியில் 'சீ ஷேடோ' என்ற கப்பலாயிற்று. 164 அடி நீளம், நான்கு பேர் ஓட்டுவது, கூரை வீட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டது போல இரண்டு பக்கமும் சாய்வு. ஒரு மூடிய மிதவைக்குள் ரகசியமாக வைத்திருந்து, 1985 வாக்கில் கலிபோர்னியாக் கடலில் ராத்திரி ராத்திரியாக ஓட்டிப் பார்த்தார்கள். முதல் சோதனையில் கப்பல் பின்னால் பெரிய நுரைத்தடம். ரேடாரில் தெரியாத கப்பலுக்குப் பின்னால் ஊருக்கே தெரியும் தடம்! பார்த்தால் புரொப்பெல்லரைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். என்னைப் போன்ற ஒர்க்ஷாப்காரர்களுக்கு இதைப் படித்தால் மனசு நிறையும். நாமும் எத்தனை வால்வைத் திருப்பி மாட்டியிருக்கிறோம்!

இன்னொரு சிக்கல்தான் எனக்குப் பிடித்தது. கடல் அலைகளே ரேடாரில் கொஞ்சம் எதிரொலி தரும். கப்பல் அதையும்விட அமைதியாக இருந்ததால், திரையில் அலைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு ஓட்டை தெரிந்ததாம். அதிகமாக ஒளிந்தாலும் மாட்டிக்கொள்வோம். சீ ஷேடோ சண்டைக்குப் போகவேயில்லை. 1993இல் வெளியே காட்டினார்கள், 2012இல் காயலான் கடைக்குப் போயிற்று.

உருப்படியாகச் செய்து முடித்தவர்கள் சுவீடன்காரர்கள். அவர்களுக்கு வேண்டிய காரணமும் இருந்தது. 1981 அக்டோபரில் சோவியத் நீர்மூழ்கி ஒன்று, அவர்களுடைய கார்ல்ஸ்குரோனா கடற்படைத் தளத்துக்குப் பக்கத்திலேயே பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வீட்டுக் கொல்லையில் திருடன் கால் சுளுக்கி உட்கார்ந்திருந்த மாதிரி. சின்ன நாடு, குறுகிய பால்டிக் கடல், ஆயிரக்கணக்கான தீவுகள். பெரிய கப்பல் வைத்துப் பயனில்லை. 1991இல் 'ஸ்மூகே' என்று முப்பது மீட்டரில் ஒரு சோதனைப் படகு விட்டார்கள். அதில் கற்றதை வைத்து 2000 ஜூனில் 'விஸ்பி' நீரில் இறங்கியது. 73 மீட்டர், சுமார் 640 டன், முழுக்கக் கார்பன் ஃபைபர்.

இங்கே என் தொழில் வருவதால் கொஞ்சம் நிற்கிறேன். பலர் கேட்பார்கள், ஃபைபர் என்றால் ரேடார் தெரியாதுதானே என்று. கண்ணாடி இழை வழியாக ரேடார் அலை உள்ளே போய்விடும். அதனால்தான் ரேடார் ஆன்டெனாவுக்கு மூடியே அதில் செய்கிறோம். அப்படிப்பட்ட சுவர் வைத்துக் கப்பல் கட்டினால் உள்ளே இருக்கிற எஞ்சின், பைப், கட்டில் எல்லாம் ரேடாருக்குத் தெரியும், கொசுவலைக்குள் இருக்கிற ஆளைப் போல. கார்பன் இழை மின்சாரம் கடத்தும். அலையை உள்ளே விடாமல், சாய்ந்த பக்கம் தெறிக்கவைக்கும். எஃகைவிட மிக இலேசு. காந்தத்தை ஈர்க்காததால் காந்தக் கண்ணிவெடிக்கும் தப்பலாம். விஸ்பியில் புகைபோக்கியே மேலே கிடையாது, சூடான காற்று பின்புறம் நீர்மட்டத்தை ஒட்டி வெளியேறுகிறது. பீரங்கியின் குழல் வேலையில்லாதபோது மூடிக்குள் படுத்துக்கொள்கிறது. புரொப்பெல்லருக்குப் பதில் நீர்த்தாரை. இவ்வளவும் செய்து, கொந்தளிக்கும் கடலில் 13 கிலோமீட்டர், அமைதியான கடலில் 22 கிலோமீட்டர் நெருங்கினால்தான் ரேடாரில் தெரியும் என்கிறார்கள். பாருங்கள், இங்கேயும் "தெரியவே தெரியாது" இல்லை. இதற்கு ஆன காலத்தையும் சொல்லவேண்டும்: 2000இல் நீரில் இறக்கிய வகை, முழுதாகக் கடற்படைக்குக் கைமாறத் தொடங்கியது 2009 டிசம்பரில்.

ஃபைபரின் இன்னொரு முகத்தையும் மறைக்கக்கூடாது. ரெசின் எரியும். 2002 நவம்பரில் 'ஓர்க்லா' என்ற நார்வே கண்ணிவாரிக் கப்பல், முழுக்க ஃபைபரில் கட்டியது, தீப்பிடித்து அப்படியே போய்விட்டது. ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள் என்பது ஆறுதல். என் அனுபவத்தில் தீயைவிடப் பயம் ஒட்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்கு நாங்கள் செய்த தொட்டியில், எஃகு வளையத்தோடு ஃபைபர் சேரும் இடத்தில் காற்றுக் குமிழி நின்றுவிட்டது. வெளியே பளபளவென்று இருந்தது. எட்டாம் மாதம் பிளந்துகொண்டது. ராத்திரி ஷிஃப்ட் என்பதால் பக்கத்தில் ஆள் இல்லை. இல்லாவிட்டால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அதனால்தான் கார்டன் ரீச்சில் கட்டிய கப்பல்களைப் பற்றிப் படிக்கும்போது என் கண் முதலில் ஒட்டுக்குப் போகிறது. இங்கே நான்கு நீர்மூழ்கி எதிர்ப்புக் கார்வெட்டுகள் கட்டினார்கள். 2014 ஆகஸ்டில் கமோர்ட்டா, 2016 ஜனவரியில் கட்மத், 2017 அக்டோபர் 16இல் கில்தான், 2020 அக்டோபரில் கவரத்தி. ஒவ்வொன்றும் 109 மீட்டர். விஸ்பியைவிடப் பெரியவை, ஆனால் போர்க்கப்பல் வரிசையில் சின்னவைதான். உடல் நம் நாட்டிலேயே உருவாக்கிய விசேஷ எஃகு. பக்கங்கள் சாய்வு. கடைசி இரண்டில் மட்டும் ஒரு புதுமை: மேற்கட்டுமானம் முழுக்கக் கார்பன் ஃபைபர், அதைத் தந்தது விஸ்பியைக் கட்டிய அதே சுவீடன் கம்பெனி, காக்கும்ஸ். இந்தியப் பெரிய போர்க்கப்பலில் அப்படி எஃகு உடலின்மேல் ஃபைபர் மேற்கட்டுமானத்தை ஏற்றியது முதன்முதலில் கில்தானில்தான். எஃகும் ஃபைபரும் சேரும் அந்த நீளமான கோட்டை எங்கள் ஹூக்ளிக் கரையில் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைந்தும் பெருமையாகவும் இருக்கும்.

ஆமாம், அதே பெயர்தான். 1971இல் கராச்சிக்குப் போன கில்தான் 1987இல் ஓய்வு பெற்றது. முப்பது வருஷம் கழித்து லட்சத்தீவின் அந்தக் குட்டித் தீவின் பெயர் மறுபடியும் ஒரு கப்பலுக்கு. முதல் கில்தானுக்கு இருட்டும் மௌனமும்தான் கவசம். இரண்டாவதுக்குக் கார்பன்.

சரி, கார்பனும் சாய்வும் இருந்தால் போதுமா? 2006 ஜூலை 14. லெபனான் கரைக்கு வெளியே 'ஹனித்' என்ற இஸ்ரேல் கார்வெட். எண்பத்தைந்து மீட்டர் கப்பல், எதிரொலியைக் குறைக்கும் வடிவம், ஏவுகணையைத் தடுக்கும் கருவிகள், எல்லாம் உண்டு. கரையிலிருந்து வந்த ஏவுகணை அடித்து நான்கு மாலுமிகள் இறந்தார்கள். அப்படி ஓர் ஏவுகணை எதிரியிடம் இருக்கும் என்று எதிர்பார்க்காததால், தற்காப்புக் கருவிகள் முழுதாக இயக்கத்தில் இல்லை. ஐலத்தை இழந்து, லதாகியாவில் உலகத்துக்கே பாடம் எடுத்த கடற்படை அது. கைபருக்குப் படகு தோன்றவில்லை, ஹனித்துக்கு ஏவுகணை தோன்றவில்லை.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் இதையெல்லாம் இன்னும் சுருக்கமாக மனைவியிடம் சொன்னேன். பையனும் இருந்தான். கார்பன், சாய்வு, பதினாறில் ஒன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே ரசம் ஊற்றினாள். ஹனித் வந்ததும் கரண்டி நின்றது.

"அந்தக் கருவியெல்லாம் ஓடுதான்னு பார்க்கறது யார் வேலை?"

"காவல் முறையில இருக்கற ஆபீசர் வேலைதாம்மா" என்றான் பையன், நான் வாய் திறப்பதற்குள்.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். "நீ உன் ரூம் ஃபேனை அணைச்சு எத்தனை நாளாச்சு?"

அவன் எழுந்து போய் ஃபேனை அணைத்துவிட்டு வந்தான்.

நேர்முகத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அந்தக் கடிதத்தை எங்கே வைத்தோம் என்று நேற்று தேடினேன். பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.